பாக்கியத்தம்மாளுக்கு ஐந்து மாதம்

சட்டசபையில் அன்று கால் மணி நேரம் சிரிப்பு அடங்கவில்லை. எங்கள் அமைச்சர் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார். "நாகலேரி அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் பாக்கியத்தம்மாளுக்கு வயது அறுபத்தாறு. ஒன்றிய அரசின் எந்திரம் சொல்கிறது, அந்த அம்மாவுக்கு வயிற்றில் ஐந்து மாதமாம். இந்த எந்திரத்தை நம்பித்தான் நம்முடைய மருத்துவ நிதியை வெட்டியிருக்கிறார்கள்!" எதிர்க்கட்சிக்காரர்களும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தவள் நான். பெயர் அங்கயற்கண்ணி. சுகாதாரத் துறையில் புள்ளிவிவரப் பிரிவின் துணை இயக்குநர். இருபத்தெட்டு வருடச் சர்வீஸில் நான் எதையும் எடுத்த எடுப்பில் நம்பியதில்லை. வீட்டில் காய்கறிக்காரர் நிறுத்துக் கொடுத்ததை மறுபடி நிறுத்துப் பார்ப்பேன். இது வியாதி என்று என் கணவர் சொல்வார். எனக்குச் சம்பளம் வாங்கித் தருவதே இந்த வியாதிதான்.

மறுநாளே டெல்லியிலிருந்து பதில் வந்தது. எந்திரம் தவறு செய்யவில்லை, மாநில ஊழியர்கள் பொய்யான ரத்தப் பரிசோதனைகளை ஏற்றுகிறார்கள், விசாரிக்க ஓர் அதிகாரியை அனுப்புகிறோம் என்று. அவர் தனியாகப் போய் என்னத்தையாவது எழுதிவிடக் கூடாது, நீயும் கூடவே போ என்று அமைச்சர் என்னை அனுப்பினார்.

டெல்லி அதிகாரியின் பெயர் குலசேகரன். நாங்குநேரிக்காரர். முப்பது வருடம் டெல்லியில் இருந்தும் பேச்சில் திருநெல்வேலி அப்படியே இருந்தது. அதுவே எனக்கு உறுத்தியது. நம்மை மயக்குவதற்காகத்தான் இந்த மனிதர் இப்படிப் பேசுகிறாரோ? வழியில் காரை நிறுத்தி எனக்கும் சேர்த்துக் காபி வாங்கி வந்தார். வேண்டாம் என்றேன். அவர் 'மத்திய அரசு' என்று சொன்ன ஒவ்வொரு முறையும் நான் 'ஒன்றிய அரசு' என்று சொல்லித் திருத்தினேன்.

"எப்படிச் சொன்னாலும் சம்பளம் ஒண்ணாந்தேதிதான் மேடம் வருது" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. துறை எனக்குக் கொடுத்திருந்த மூக்குக் கண்ணாடியின் காம்பை ஒருமுறை அழுத்தினேன். கண்ணாடி பார்ப்பதையும் கேட்பதையும் பதிவு செய்யத் தொடங்கியது. எதிராளியோடு ஒரு நாள் முழுக்க இருக்கப்போகிறேன். கையில் ஆதாரம் இல்லாமல் இருக்க முடியுமா?

மருத்துவமனைக்குப் போகும் முன் பாக்கியத்தம்மாளின் வீட்டுக்குப் போனோம். மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் கடைசித் தெரு. மகன் சம்பத், நாற்பது வயது, செங்கல் சூளை வைத்திருக்கிறவர். எங்களைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

"அம்மாவைக் கூப்பிடுங்க" என்றேன்.

"வெளிய போயிருக்குது மேடம்."

"எங்கே?"

"சொந்தக்காரங்க வூட்டுக்கு."

"வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் பண்றவங்க, ஐந்து மாசம் வேற. எந்தச் சொந்தக்காரங்க வீட்டுக்கு?"

சம்பத் எங்கள் தலைக்கு மேலே பார்த்தார். நான் திரும்பிப் பார்த்தேன். வாசல் நிலைக்கு மேலே சட்டம் போட்ட ஒரு படம், அதில் சந்தனமாலை. மாலை போட்டு ஒரு வருடமாவது இருக்கும். தூசி படிந்திருந்தது.

குலசேகரன் அவசரமே படாமல் கட்டிலில் உட்கார்ந்தார். "எப்ப தவறுனாங்க?"

"போன வருசம் ஆவணியில சார்." சம்பத்தின் குரல் இறங்கிவிட்டது. "எங்க ஊர்ல ஒரு பழக்கம் சார். கருமாதி அன்னிக்கு, செத்தவங்க வெச்சிருந்த பொருள்ல ஒண்ண எடுத்து வெளியூர்க்காரங்க யாருக்காவது குடுப்போம். சேலை, செம்பு, கொடை, எதுனாச்சும். உள்ளூர்ல குடுக்கக் கூடாது. எங்க அம்மா வெச்சிருந்ததுல ஒசத்தியான பொருள் இன்னா சார்? அந்த டயாலிசிஸ் கார்டுதான். அத்தத் தட்டுல வெச்சிக் குடுத்துட்டேன்."

"யாருக்கு?" என்றேன்.

"அந்தப் பக்கத்துப் பொண்ணு மேடம். நாகமணின்னு பேரு. கார்டு இல்லாம ஆஸ்பத்திரி வாசல்லயே குந்திகினு இருந்திச்சி."

இறப்பை ஏன் பதிவு செய்யவில்லை என்று கேட்டேன். செய்தால் கார்டு செத்துப் போகுமே என்றார். எவ்வளவு எளிதான பதில்! இரண்டு அரசாங்கங்களும் ஏழு வருடமாக ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டிருக்க, விடை ஒரு கருமாதித் தட்டில் இருந்திருக்கிறது.

"கார்டு குடுத்தா இவ்ளோ பெரிய தப்பா சார்? நெழலு நெழலுன்றாங்களே, அது இன்னா சார்?"

குலசேகரன் பொறுமையாகச் சொன்னார். "உங்க அம்மாவோட ரத்தம், நீர், பிரஷர் எல்லாத்தையும் வச்சு, டெல்லியில ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல உங்க அம்மா மாதிரியே ஒரு உடம்பை ஓட்டுதோம். அதுக்குப் பேருதான் நிழல். நாட்டுல எல்லாருக்கும் ஒண்ணு உண்டு. அடுத்த வருசம் உங்க ஊர்ல யாருக்கு என்ன நோவு வரும், எத்தனை பேரு சாவான்னு அந்த நிழல்களைப் பாத்துத்தான் பணம் ஒதுக்குதோம். வயித்துப் பிள்ளைக்குக் கூட இருபத்துநாலு வாரம் ஆச்சுன்னா தனியா ஒரு நிழல் உண்டு."

"அப்போ எங்க அம்மா இன்னும் உங்க கம்ப்யூட்டர்ல உசுரோட இருக்குதா?"

"இருக்காங்க. இப்ப ஐந்து மாசம்."

சம்பத் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார். "அப்ப எனக்குத் தம்பியோ தங்கச்சியோ பொறக்கப் போவுதுன்னு சொல்லுங்க" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவின் செவிலியர் எஸ்தர் எங்களை எதிர்பார்த்து நின்றிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, ஒடிசலான உடம்பு. மழுப்பவே இல்லை.

"ஒரு கார்டு இல்ல மேடம். செத்தவங்க கார்டு மட்டும் நாப்பத்திரெண்டு" என்றார்.

எப்படி என்று கேட்டேன். சொன்னார்.

எல்லைக்கு அந்தப் பக்கத்து மாநிலம் நிழல் திட்டமே வேண்டாம் என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டது. நிழல் இல்லையென்றால் நிதி இல்லை என்று டெல்லியும் பிடிவாதமாக நின்றது. அங்கே ஒன்பது கிலோமீட்டரில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. டயாலிசிஸ் எந்திரங்கள் மேல் போர்வை போர்த்தி வைத்திருக்கிறார்களாம். என்ன காரணமோ அந்த மண்ணில் சிறுநீரகம் கெடுகிறவர்கள் அதிகம். அவர்கள் இங்கே வந்தார்கள். இங்கே மருத்துவமனையில் கார்டு கேட்டார்கள்.

"கைரேகை?" என்று கேட்டார் குலசேகரன்.

"சூளை வேலை, தறி வேலை, வயல் வேலை. பாதிப் பேருக்கு ரேகையே கெடையாது சார். ரேகை தேஞ்சவங்களுக்கு நர்ஸ் ரேகை போதும்னு நீங்கதானே ரூல் போட்டீங்க?" எஸ்தர் தன் வலது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "இந்த ஒரு வெரலுதான் சார், நாப்பத்திரெண்டு பேரு."

"அந்த விரலாலதான் உங்க ஆஸ்பத்திரிக்கே குழி வெட்டியிருக்கீங்க" என்றேன் நான். கோபம் தலைக்கேறியிருந்தது. "செத்தவங்க யாரும் சாகலை. அறுபது வயசுக்காரங்க ரத்தம் எல்லாம் திடீர்னு முப்பது வயசு ரத்தமா மாறுது. டெல்லி எந்திரம் என்ன நினைக்கும்? நாகலேரியில நோயாளிங்க நல்லா இருக்காங்க, பணம் தேவையில்லைன்னு நினைக்கும். வர்ற ஏப்ரல்லேர்ந்து உங்க ஒன்பது எந்திரத்துல மூணுதான் ஓடும். தெரியுமா?"

எஸ்தருக்கு அது தெரியாது. வெள்ளைப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். "நான் இன்னா பண்ணட்டும் மேடம்? இப்பவே நாப்பத்திரெண்டு சாவையும் எழுதிடலாம். எழுதுனா பணம் வந்துடும். ஆனா அந்தப் பொண்ண இன்னா பண்றது?"

நாகமணி கடைசிக் கட்டிலில் இருந்தாள். இருபத்தேழு வயது. ஒரு கையில் எந்திரத்துக்குப் போகும் ரத்தக் குழாய், இன்னொரு கையை வயிற்றின் மேல் வைத்திருந்தாள். சிறுநீரகம் போனவர்களுக்குக் கரு தங்குவதே அபூர்வம். தங்கினால் வாரத்துக்கு ஆறு நாள் எந்திரம் வேண்டும். எஸ்தர் ஆறு நாளும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"பேரென்ன?" என்று கேட்டேன்.

அவள் எஸ்தரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, சொல்லிக் கொடுத்த பாடம் போல, "பாக்கியத்தம்மாள். வயசு அறுபத்தாறு" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. சட்டசபையில் அந்தச் சிரிப்பைக் கிளப்பிவிட்டவள் நான்தானே என்று வெட்கமாக இருந்தது.

வெளியே வராந்தாவில் நானும் குலசேகரனும் நின்றோம். எந்திரம் தப்பு என்று நான் எழுதினால் எங்கள் அமைச்சர் ஜெயிப்பார். டெல்லி அந்த நிழலை அழித்துவிடும், கார்டு போய்விடும். ஊழியர் மோசடி என்று அவர் எழுதினால் டெல்லி ஜெயிக்கும். எஸ்தர் ஜெயிலுக்குப் போவார், கார்டு அப்போதும் போய்விடும். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் நாகமணி அந்தக் கட்டிலை விட்டு இறங்கியாக வேண்டும்.

"ஒரு வழி இருக்கு மேடம்" என்றார் குலசேகரன். "எந்திரமும் தப்பு இல்ல, ஊழியரும் தப்பு இல்ல. அறுபத்தாறு வயசு அம்மாவுக்கு நெசமாவே பிள்ளை உண்டாயிருக்கு. செயற்கைக் கருத்தரிப்பு. உலகத்துல நடக்காததா? ரெண்டு பேரும் பாத்தோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுருவோம். பிரசவம் ஆவட்டும். அதுக்குப் பொறவு சாவையெல்லாம் ஒண்ணொண்ணா பதிவு பண்ணலாம். பணம் தானா திரும்பி வரும்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். பொறியா? நான் கையெழுத்துப் போட்டதும் இவர் டெல்லிக்குப் போய் மாநில அதிகாரி பொய்ச்சான்று கொடுத்தார் என்று சொல்லிவிட்டால்?

"நாளைக்கு நீங்க மாத்திப் பேசினா?"

"நீங்களும் மாத்திப் பேசலாம்லா" என்றார். "இந்த நிழலெல்லாம் சும்மா ஒரு கணக்குதான் மேடம். நானே பத்து வருசமா ஓட்டுதேன், எனக்குத் தெரியாதா? பொய்யின்னு தெரிஞ்சேதான் எத்தனையோ தாள்ல கையெழுத்துப் போட்டாச்சு. இந்த ஒரு பொய்யாவது ஒருத்திக்கு உதவட்டும்."

கையெழுத்துப் போட்டோம். அந்த ஏழு வருடத்தில் இரண்டு அரசாங்கமும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரே தாள் அதுதான்.

திரும்பும் வழியில் அவர் வாங்கிக் கொடுத்த காபியைக் குடித்தேன். ஆனால் கண்ணாடியின் காம்பை அழுத்திப் பதிவை நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து அழித்துவிடலாம் என்று நினைத்தேன். அழிக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு யோசித்தேன். இருக்கட்டும், இந்த மனிதர் கடைசி நேரத்தில் காலை வாரினால் நமக்கும் ஒரு பிடி வேண்டாமா? அந்தப் பதிவு எங்கள் துறையின் கணினிப் பெட்டகத்திலேயே இருந்தது. அங்கே என் பிரிவுக்குத் தனிப் பூட்டு உண்டு. சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நம்பினேன். எதையும் நம்பாதவள் அதை எப்படி நம்பினேனோ!

அமைச்சருக்கு அறிக்கை பிடிக்கவில்லை. "சிரிக்க வெச்சுட்டு இப்ப உண்மைதான்னு எழுதிக் குடுத்தா நான் சபையில மூஞ்சியக் காட்ட வேணாமாம்மா?" என்று கேட்டார். அடுத்த இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. எஸ்தர் வாரம் ஒருமுறை போன் செய்து, "அம்மாவுக்கு இருபத்தெட்டு வாரம்", "அம்மாவுக்கு முப்பது வாரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைப்பார். குலசேகரனிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அந்த மௌனத்தையும் நான் சந்தேகப்பட்டேன்.

நாகமணிக்கு முப்பத்துமூன்றாவது வாரம் நடக்கையில் பட்ஜெட் விவாதம் வந்தது. அமைச்சர் எழுந்தார். சபையில் ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்டது. "இந்த நிழலெல்லாம் சும்மா ஒரு கணக்குதான். நானே பத்து வருசமா ஓட்டுதேன், எனக்குத் தெரியாதா? பொய்யின்னு தெரிஞ்சேதான் எத்தனையோ தாள்ல கையெழுத்துப் போட்டாச்சு." இருபது விநாடிகூட இருக்காது. என் குரலை ஒட்ட நறுக்கியிருந்தார்கள். நடுவில் வந்த 'மேடம்' கூட இல்லை. டெல்லி அதிகாரியே ஒப்புக்கொண்டார் என்றார் அமைச்சர். மேசைகள் அதிர்ந்தன. நான் அதிகாரிகள் பகுதியில் உட்கார்ந்திருந்தேன்.

அமைச்சரின் உதவியாளர் பெட்டகத்தைக் குடைந்திருக்கிறார். துறையின் சொத்து துறைக்குத்தானே என்றார் பிறகு, வெற்றிலை சீவலை மென்றுகொண்டே.

அதற்கப்புறம் எல்லாம் ஒரே வாரத்தில் நடந்தன. தன் எந்திரத்தின் மானத்தைக் காக்க டெல்லி நாகலேரிக்கு ஒரு படையையே அனுப்பியது. வீடு வீடாகப் போனார்கள். மாலை போட்ட படங்களை எண்ணினார்கள். நாற்பத்திரண்டு கார்டுகளும் ஒரே நாளில் இறந்தன. எஸ்தர் தற்காலிகப் பணிநீக்கம். குலசேகரனும்தான்.

ஒரே நாளில் நாற்பத்திரண்டு சாவைப் பார்த்த எந்திரம் நாட்டிலேயே ஆபத்தான ஊர் நாகலேரிதான் என்று முடிவு செய்தது. பணம் கொட்டியது. ஒன்பது டயாலிசிஸ் எந்திரங்கள் பதினைந்தாயின. போராடிப் பெற்றோம் என்று மாநிலம் சுவரொட்டி ஒட்டியது. வாரி வழங்கினோம் என்று ஒன்றியமும் ஒட்டியது. எனக்கு இணை இயக்குநர் பதவி கிடைத்தது. புதிய எந்திரங்களில் நான்கு சும்மா நின்றன. ஆளில்லை. ஆள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது, கார்டு இல்லாமல்.

டயாலிசிஸ் இல்லாமல் நாகமணி எத்தனை நாள் தாங்குவாள்? நான்கு நாளா, ஒரு வாரமா? விசாரிக்க எனக்கு வழியில்லை. எந்தக் கணினியில் தேடுவேன்? அந்தப் பெயர் எந்த ஏட்டிலும் இருந்ததே இல்லை. எஸ்தர் என் போனை எடுக்கவில்லை. எடுக்காததற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

விசாரணைக் குழுவிடம் முழுப் பதிவையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். என் குரலும் இருக்கட்டும், நானும்தான் கையெழுத்துப் போட்டேன் என்றேன். குழுவின் தலைவர் என்னை வினோதமாகப் பார்த்தார். குலசேகரனின் பை, போன், வீடு எல்லாவற்றையும் சோதித்துவிட்டார்களாம். அன்றைய நாளைப் பற்றி ஒரு குறிப்புகூட இல்லையாம்.

"அவர் உங்களைப் பதிவு செய்யவே இல்லை மேடம். ஏன்னு கேட்டதுக்கு, எதுக்கு, அந்தம்மாதான் காபி குடிச்சாங்களேன்னு சொன்னார்" என்றார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு ரேடியோவைப் போட்டார். என் இணை இயக்குநர் பதவி அடுத்த மாதம் பறிபோனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

ஒரே ஒரு விஷயம் மிச்சமிருந்தது. இருபத்துநாலு வாரத்தில் வயிற்றுப் பிள்ளைக்குத் தனி நிழல் என்று குலசேகரன் சொன்னாரே, அந்த நிழலை அழிக்க யாருக்கும் தோன்றவில்லை. தாய் கார்டு செத்துவிட்டது. பிள்ளையின் நிழல் மட்டும் புதிய தகவல் ஏதுமில்லாமல் தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் அலுவலகம் வந்ததும் முதலில் அதைத்தான் திறப்பேன். "பாக்கியத்தம்மாள் குழந்தை. 35 வாரம். நலம்." வெறும் கணக்கு. கணக்கு என்று தெரிந்தும் பார்ப்பேன். முப்பத்தெட்டாம் வாரத்தில் அதுவே பிறந்தது. பெண், இரண்டு கிலோ நானூறு. நிழல் பெற்ற நிழல். எதற்காக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டு மறுநாளும் திறந்தேன்.

நேற்று திறந்தபோது ஒரு வரி புதிதாக இருந்தது.

"ஆறாம் வாரத் தடுப்பூசி போடப்பட்டது. நாகலேரி. எடை மூன்று கிலோ நூறு. நேரில் அளந்தது."

நேரில் அளந்தது. கணக்கில்லை. ஒரு தராசு, அதன் மேல் ஒரு குழந்தை. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு இன்னும் கீழே படித்தேன்.

"தாய்: பாக்கியத்தம்மாள், காலமானார். குழந்தையைக் கொண்டுவந்தவர்: சம்பத். உறவு: அண்ணன். ரேகை தெளிவில்லை, செவிலியர் ரேகை ஏற்கப்பட்டது."

என் மூளை உடனே வேலையைத் தொடங்கிவிட்டது. இது எந்தக் குழந்தை? சம்பத் யாருடைய பிள்ளையையோ தூக்கி வந்து சலுகைக்காகக் காட்டுகிறாரா? புதுச் செவிலியரும் எஸ்தரைப் போல விரலை நீட்டத் தொடங்கிவிட்டாரா? காலமானார் என்று எழுதியிருக்கிறதே, அது அறுபத்தாறு வயதுக்காரியைப் பற்றியா, இருபத்தேழு வயதுக்காரியைப் பற்றியா?

திரையின் அடியில் "சரிபார்க்க" என்று ஒரு கட்டம் இருந்தது. தொட்டால் போதும், மறுநாள் ஒரு குழு அந்தச் செங்கல் சூளை வீட்டுக்குப் போய் நிற்கும். இருபத்தெட்டு வருடத்தில், சந்தேகம் வந்தபின் சரிபார்க்காமல் நான் எந்தப் பக்கத்தையும் மூடியதில்லை.

துறை கொடுத்த கண்ணாடியைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். பிறகு பக்கத்தையும் மூடிவிட்டு, கேன்டீனுக்குப் போய் ஒரு காபி கேட்டேன்.